டிரம்முக்குள் இறங்கும் மலை

தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி வரும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, தொப்பூர் கணவாயில் மேட்டு நிலத்தை விட்டுக் கீழே இறங்குகிறது. கொல்லிமலைப் பாதையைப்போல எழுபது கொண்டை ஊசி வளைவுகளெல்லாம் அங்கே கிடையாது. அகலமான சாலை, நீண்ட வளைவுகள், விடாத இறக்கம். பார்த்தால் பயமே வராது, ஆபத்தும் அதனால்தான். இரட்டைப் பாலம் என்று சொல்லப்படும் இடத்தருகே லாரிகள் நிற்காமல் ஓடி, முன்னால் போன கார்கள்மீது ஏறிய செய்திகளைப் பலமுறை படித்திருக்கிறோம். ‘பிரேக் பிடிக்காததால் விபத்து’ என்று செய்தி முடிந்துவிடும்.

நமக்குக் கேள்வி அங்கேதான் ஆரம்பிக்கிறது. மேலே சுங்கச்சாவடியில் கச்சிதமாக நின்ற லாரி, சில கிலோமீட்டர் கீழே வந்ததும் ஏன் நிற்கவில்லை? குழாய் அறுந்ததா, வால்வு உடைந்ததா? பல சமயம் எதுவுமே உடைந்திருக்காது. ஒரு மணி நேரம் ஆறவிட்டு மிதித்தால் மறுபடி பிடிக்கும். உடையாத ஒரு கருவி தன் வேலையைச் செய்யாமல் போவது எப்படி என்று புரிந்துவிட்டால், பழைய லாரிக்கு எந்தப் பராமரிப்பு உயிர்காக்கும், எந்தச் செலவு வெறும் அலங்காரம் என்பதும் தன்னால் விளங்கிவிடும்.

பிரேக் லாரியை நிறுத்துகிறது என்பது பாதி உண்மை. ஓட்டத்திலுள்ள ஆற்றலை அது வெப்பமாக மாற்றுகிறது. லாரி நிற்பது அதன் விளைவு. 16 டன் எடையுள்ள ஆறு சக்கர லாரி மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போனால் அதனிடம் சுமார் 22 லட்சம் ஜூல் இயக்க ஆற்றல் இருக்கும். ஏழரை லிட்டர் பச்சைத்தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான வெப்பம் இது. ஒருமுறை நிறுத்தினால் இவ்வளவும் நான்கு பிரேக் டிரம்களுக்குள் போகிறது. நான்கும் சேர்ந்து 200 கிலோ வார்ப்பிரும்பு என்று கொண்டால், டிரம்மின் சூடு 22 டிகிரி ஏறும். ஒன்றும் பெரிதில்லை. சமவெளியில் ஓடும் லாரிக்குப் பிரேக் தொல்லை அபூர்வமாக வருவதன் காரணம் இந்தக் கணக்கில் இருக்கிறது.

இப்போது அதே லாரியை இறக்கத்தில் விடுவோம். நூறு மீட்டருக்கு நான்கு மீட்டர் தாழும் சரிவு. வேகம் அதே 60. வேகம் கூடாமல் பிடித்து நிறுத்த வேண்டுமானால், ஒவ்வொரு வினாடியும் புவியீர்ப்பு தரும் ஆற்றலை ஒவ்வொரு வினாடியும் எங்காவது கொட்டியாக வேண்டும். அதன் அளவு 104 கிலோவாட், அதாவது 140 குதிரைத்திறன். அந்தக் காலத்து ஆறு சக்கர லாரிகள் பலவற்றின் இஞ்சினே 110 முதல் 130 குதிரைத்திறன்தான்! டயர்களின் உருளல் தடையும் எதிர்காற்றும் மூன்றில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மிச்சம் 70 கிலோவாட்டை, நியூட்ரலில் விட்டு இறங்கும் டிரைவர் முழுக்க டிரம்களுக்குக் கொடுக்கிறார். ஐந்து நிமிடத்தில் டிரம்மின் சூடு 200 டிகிரி கூடிவிடும். டிரம்மோ சக்கர வளையத்துக்குள் ஒளிந்து கிடக்கிறது. காற்று படுவதும் குறைவு. ஏறும் வேகத்தில் சூடு இறங்காது.

சூடேறிய டிரம்மில் இரண்டு காரியங்கள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. முதலாவது எல்லாரும் அறிந்தது: லைனர் வழுக்கும். பிரேக் ஷூவின்மேல் ரிவெட் அடித்து ஒட்டியிருக்கும் அந்தப் பட்டை, நார்களையும் உலோகத் துகள்களையும் பிசினால் பிணைத்துச் செய்தது. சுமார் 300 டிகிரியைத் தாண்டினால் பிசின் சிதையத் தொடங்கும், வாயு கிளம்பும், உராய்வு சரியும். மூக்கைத் துளைக்கும் அந்தக் கருகல் நாற்றம் பிசினுடையது.

இரண்டாவது காரியம் சத்தமில்லாமல் நடக்கிறது. என் கணிப்பில் பழைய லாரிகளில் அதுதான் பெரிய எமன். டிரம் விரிகிறது. 410 மி.மீ. விட்டமுள்ள டிரம் 300 டிகிரி சூடேறினால் அதன் விட்டம் ஏறத்தாழ 1.3 மி.மீ. கூடும். நகக்கண் அளவுதான். ஆனால் ஷூ உள்ளேயிருந்து வெளிப்பக்கமாக அழுத்துகிறது. டிரம்மோ அதைவிட்டு விலகிக்கொண்டே போகிறது. ஷூ அந்த இடைவெளியைக் கடந்தால்தான் டிரம்மைத் தொட முடியும். ஷூவை விரிக்கும் ‘எஸ்’ வடிவ கேமைத் திருப்பும் நெம்புகோல் (ஸ்லாக் அட்ஜஸ்டர்) அந்தச் சிறிய தூரத்தைப் பத்து மடங்குக்கு மேல் பெருக்கும். ஆகவே பிரேக் சேம்பரிலிருந்து வெளியே வரும் தள்ளுதண்டு பத்து மில்லிமீட்டருக்கு மேல் கூடுதலாக ஓட வேண்டியிருக்கும். சேம்பருக்குள் இருப்பது ஒரு ரப்பர் சவ்வு; அது ஒரு அளவுக்குத்தான் நகரும். லாரிகளில் பரவலாக உள்ள 30 சதுர அங்குல சேம்பரில் முழு ஓட்டம் 64 மி.மீ.; அதில் 51-ஐ எட்டினாலே உடனே சரிசெய்ய வேண்டும் என்பது நடைமுறை. குளிர்ந்த நிலையிலேயே 50-ல் நிற்கும் பிரேக்கில் சூட்டுக்கு மிச்சமிருப்பது எவ்வளவு? தண்டு முட்டி நின்றுவிடும். காற்றழுத்தம் முழுதாக இருந்தும் அந்த விசை ஷூவுக்குப் போகாமல் சேம்பரின் சுவரிலேயே தங்கிவிடும்.

மேலே சுங்கச்சாவடியில் பிடித்த பிரேக் கீழே பிடிக்காததன் காரணம் இதுதான். குளிர்ந்த பிரேக்கில் செய்யும் சோதனை பாதிச் சோதனை.

இதைப் பெடலை மிதித்தே கண்டுபிடித்துவிடலாமே என்று தோன்றும். காரில் முடியும், அங்கே பாதம் எண்ணெயைத் தள்ளுகிறது, தேய்மானம் காலுக்குத் தெரியும். ஏர் பிரேக்கில் பெடல் என்பது ஒரு குழாய்த் திறப்பு மட்டும். சக்கரத்தில் நடப்பது எதுவும் காலுக்குத் திரும்பி வராது. சங்ககிரிப் பக்கம் ஒரு பட்டறையில் கேட்ட பேச்சு இது. “பெடல் கட்டியாத்தானுங்க இருக்குது, அப்புறம் எதுக்கு அட்ஜஸ்ட் பண்ணணும்?” என்றார் டிரைவர். லாரிக்கடியில் படுத்திருந்த மிஸ்திரி, “பெடலைக் கேட்டா அது நல்லாத்தானுங்கண்ணா சொல்லும். தண்டைக் கேளுங்க” என்று சொல்லிவிட்டு ஒரு சாக்பீஸ் கேட்டார்.

அந்தச் சாக்பீஸ் சோதனையை விவரமாகச் சொல்லலாம். இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். சமதளத்தில் சக்கரங்களுக்கு அண்டைக்கட்டை கொடுத்து, கை பிரேக்கை எடுத்துவிட வேண்டும். சேம்பரின் வாயில் தண்டு வெளியே வரும் இடத்தில் ஒரு கோடு. ஒருவர் மேலே உட்கார்ந்து, டேங்கில் ஆறேழு பார் அழுத்தம் இருக்கும்போது பெடலை முழுக்க மிதித்துப் பிடிக்க வேண்டும். கோடு எவ்வளவு தூரம் வெளியே வந்தது என்று கீழே இருப்பவர் அளவுகோலால் பார்ப்பார். நான்கு சக்கரத்துக்கும் நான்கு எண். ஒரே அச்சின் இடமும் வலமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவசரமாக மிதிக்கும்போது லாரி ஒரு பக்கமாக இழுக்கும். ஓட்டம் அதிகமானால் ஸ்லாக் அட்ஜஸ்டரின் திருகை ஷூ டிரம்மைத் தொடும்வரை முறுக்கி, பிறகு சக்கரம் உரசாமல் சுற்றும் அளவுக்குக் கொஞ்சம் திருப்பிவிட வேண்டும். இருபது நிமிட வேலை.

ஏர் பிரேக்கின் மூலவர் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ். 1869-இல் அவர் காப்புரிமை வாங்கியது ரயிலுக்கு. அந்த முதல் வடிவத்தில் ஒரு கோளாறு இருந்தது: குழாய் அறுந்தால் பிரேக்கும் போய்விடும். சில ஆண்டுகளில் அவரே அதைத் தலைகீழாக மாற்றினார். அழுத்தம் குறைந்தால் பிரேக் பிடித்துக்கொள்ளும்படி. இன்று லாரியின் பின்சக்கர சேம்பர்களில் பெரிய சுருள்வில் ஒன்றை அடக்கி வைத்திருப்பதும் அதே சிந்தனைதான். வில் பிரேக்கைப் பிடிக்கப் பார்க்கும். காற்று அதைத் தடுத்து வைத்திருக்கும். காற்று போனால் வில் வெல்லும். (அந்தச் சேம்பரைப் பிரிக்கத் தெரியாதவர் தொடவே கூடாது. உள்ளே அமுங்கிக் கிடக்கும் வில் வெளியே பாய்ந்து உயிரை எடுத்திருக்கிறது.)

காற்றை நம்பினால் கூடவே தண்ணீரும் வரும். புழுக்கமான நாளில் நம் கடலோரக் காற்றின் ஒவ்வொரு கனமீட்டரிலும் 24 கிராம் அளவுக்கு நீராவி இருக்கும். கம்ப்ரஸர் அந்தக் காற்றில் ஒன்பது கனமீட்டரை ஒரு கனமீட்டருக்குள் அடைக்கிறது என்று வையுங்கள். உள்ளே போனது 216 கிராம் நீராவி. 30 டிகிரிக்கு ஆறிய காற்று ஒரு கனமீட்டருக்கு 30 கிராமுக்கு மேல் நீராவியைத் தாங்காது. மீதி 186 கிராமும் தண்ணீராகி டேங்கின் அடியில் தேங்கும். அழுத்தம் எவ்வளவு கூடினாலும் காற்று தாங்கும் நீராவி கூடாது என்பதுதான் இங்குள்ள இயற்பியல். அந்தத் தண்ணீர் டேங்கைத் துருப்பிடிக்க வைக்கும், வால்வுகளை அரிக்கும், கம்ப்ரஸர் துப்பும் எண்ணெயோடு கலந்து கூழாகி மெல்லிய துளைகளை அடைக்கும். தினமும் டேங்கின் அடித் திருகைத் திறந்து புஸ்ஸென்று விடுவது கிளீனரின் வேலையாக இருந்தது. கிளீனர் இல்லாமல் ஓடும் லாரிகள் பெருகிய இந்தக் காலத்தில் அந்தத் திருகு பல வண்டிகளில் துருவேறி, திறக்கவே முடியாமல் இருக்கிறது. திருகைத் திறக்கும்போது வரும் தண்ணீரில் எண்ணெய் அதிகமாக மிதந்தால் கம்ப்ரஸரின் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

டிரம்மைக் கழற்றினால் உள்ளே வெப்பத்தின் வரலாறே எழுதியிருக்கும். உட்பரப்பில் நீலம் பாய்ந்த திட்டுகள், அந்த இடம் அளவுக்கு மீறிச் சூடாகிச் சட்டென்று ஆறியதைக் காட்டும். அங்கே இரும்பின் உள்ளமைப்பே மாறிக் கடினமாகிவிடுவதால் லைனர் அந்தத் திட்டில் சரியாகப் பற்றாது. மெல்லிய ரேகைகள் வலைபோலப் படர்ந்திருந்தால் சூடும் குளிரும் மாறி மாறி வந்த களைப்பு, அவற்றைப் பொறுக்கலாம். ரேகை ஓரம்வரை ஓடி விரிசலாகியிருந்தால் டிரம் குப்பைக்கு. பள்ளம் விழுந்த டிரம்மை லேத்தில் கொடுத்துக் கடைந்து வாங்குவது நம் ஊர் வழக்கம். ஒருமுறை, இருமுறை சரி. அதற்குரிய உச்ச விட்டத்தை டிரம்மிலேயே வார்த்திருப்பார்கள். அதைத் தாண்டிக் கடைந்தால் மிச்சப்பட்டது பணம் மட்டும்தான். இரும்பு குறைந்தால் வெப்பத்தை வாங்கும் கொள்ளளவு குறையும், அதே இறக்கத்தில் சூடு இன்னும் ஏறும், டிரம் இன்னும் விரியும்.

லைனர் மாற்றுவோருக்கு ஒரு வார்த்தை. டிரம்மைக் கழற்றியதும் ஏர் ஹோஸைப் பிடித்துத் தூசியை ஊதித் தள்ளுவதைப் பட்டறைகளில் இன்றும் பார்க்கலாம். பழைய லைனர்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. அந்த நார்த்துகள் நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. புற்றுநோய் வரப் பல பத்தாண்டுகள் ஆகும் என்பதால் யாரும் இரண்டையும் முடிச்சுப் போடுவதில்லை. ஈரத் துணியால் துடைத்தால் போதும்.

இனி கமானுக்கு வருவோம். பிரேக்கைப் பேசும் அத்தியாயத்தில் கமான் பட்டைக்கு என்ன வேலை என்று கேட்கலாம். சாலையைத் தொடாத டயருக்கு உலகத்தின் மிகச் சிறந்த பிரேக் இருந்தும் பயனில்லை. டயரைச் சாலையில் அழுத்தி வைப்பதே கமானின் முதல் வேலை; டிரைவரின் இடுப்பைக் காப்பது இரண்டாவது.

வண்டி தன் கமான்மேல் வினாடிக்கு எத்தனை முறை ஆடும் என்பது ஒரே ஒரு அளவைப் பொறுத்தது: சுமையில் கமான் எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்பது. 100 மி.மீ. அமுங்கினால் வினாடிக்கு ஒன்றரை முறை ஆடும். மனித உடம்பு அதைத் தாங்கும். 30 மி.மீ. மட்டும் அமுங்கினால் ஏறக்குறைய மூன்று முறை. வெற்று லாரி குதித்துக் குதித்து ஓடுவது இதனால்தான். குதிக்கும் கணத்தில் பிரேக்கை மிதித்தால் காற்றிலிருக்கும் சக்கரம் உடனே பூட்டிக்கொள்ளும். தரையில் இறங்கும்போது வழுக்கும்.

நம் லாரிக்காரர்கள் கமானுக்குச் செய்யும் முதல் ‘மேம்பாடு’ எது? இரண்டு பட்டை கூட்டுவது. ஒன்பது பட்டைக் கமானில் அதே கனத்தில் இரண்டு சேர்த்தால் விறைப்பு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடும். வண்டி உட்காராது, கூடுதலாக இரண்டு டன் ஏற்றலாம். ஆனால் பட்டை கூடினால் டிரம் பெரிதாகுமா? அதே 200 கிலோ இரும்பு இப்போது 18 டன்னின் வெப்பத்தை வாங்க வேண்டும். சாலைக்கும் இது கேடு. 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் ஒட்டாவா நகரருகே நடந்த பெரும் சாலைச் சோதனை காட்டியது: சாலைக்கு நேரும் சேதம் அச்சின் பாரத்தின் நான்காம் அடுக்கை ஒட்டி ஏறுகிறது. பாரம் 20 சதவீதம் கூடினால் சேதம் இரட்டிப்பு.

இதைவிட நுட்பமான கேடு ஒன்று உண்டு. பல லாரிகளில் பின்னச்சுக்கும் சேஸிஸுக்கும் நடுவே ஒரு சிறு கம்பியோடு சுமையுணர் வால்வு இருக்கும். சேஸிஸ் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதை வைத்து அது சுமையை ஊகிக்கும். தாழ்ந்திருந்தால் சரக்கு இருக்கிறது, பின் பிரேக்குக்கு முழு அழுத்தம் கொடு. உயர்ந்திருந்தால் வெற்று வண்டி, சக்கரம் பூட்டிக்கொள்ளாதபடி அழுத்தத்தைக் குறை. பட்டை கூட்டிய லாரி சுமையோடும் உயர்ந்தே நிற்கும். வால்வு அதை வெற்று வண்டி என்று எண்ணிப் பின் பிரேக்கைக் குறைத்துவிடும். பாரம் கூடிய லாரிக்குப் பிரேக் குறைகிறது; டிரைவருக்குக் காரணமே தெரியாது. கமானில் கை வைத்தால் அந்த வால்வின் கம்பியையும் திரும்ப அளந்து பொருத்த வேண்டும் என்பது பட்டறைகளில் அடிக்கடி மறந்துபோகும் விஷயம்.

கமானுக்கு உண்மையில் வேண்டிய பராமரிப்பு எளிது. கமானை அச்சோடு சேர்த்துக் கட்டும் யூ போல்ட்டுகளின் நட்டுகளைச் சுமை ஏற்றி ஓட்டியபின் மறுபடி முறுக்க வேண்டும். புதுப் பட்டைகள் ஒன்றோடொன்று படிந்து உட்காரும்போது பிடி தளரும். தளர்ந்த பிடியில் பாரம் முழுவதும் சென்டர் போல்ட் என்ற சின்னக் கம்பிமேல் விழும். அது அறுந்தால் அச்சே நகர்ந்து, லாரி நண்டுபோலச் சாய்ந்து ஓடும். ஷாக்கிள் பின், புஷ் தேய்ந்தாலும் இதே கதையின் சிறு வடிவம்: பிரேக் மிதிக்கும்போதெல்லாம் ஸ்டியரிங் ஒரு பக்கம் ஒதுங்கும், டிரைவர் பிரேக்கைக் குறை சொல்வார்.

பராபோலிக் கமான் மாற்றுவது பயனுள்ள மேம்பாடுதான். பழைய கமானில் பத்துப் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று உரசும். துருப்பிடித்தால் சிறு குலுக்கலுக்கு நகரவே நகராது, கமான் இரும்புக் கட்டையாகிவிடும். பராபோலிக் பட்டை நடுவில் தடித்து ஓரங்களில் மெலிந்திருக்கும். அதன் நீளம் நெடுகிலும் உள் இறுக்கம் ஏறத்தாழ ஒரே அளவு. அதனால் மூன்று நான்கு பட்டைகளே போதும், நடுவில் உரசலும் இல்லை. எடையும் குறைவு. ஆனால் உரசல் போனால் ஆட்டத்தை அடக்க வேறு ஆள் வேண்டும்: நல்ல ஷாக் அப்சார்பர் போடாமல் பராபோலிக் மட்டும் போட்டால் வண்டி தொட்டில்தான்.

கையில் கொஞ்சம் பணமிருக்கும் பழைய லாரி உரிமையாளர் என்னைக் கேட்டால், முதல் பணம் எக்ஸ்ஹாஸ்ட் பிரேக்குக்கு என்பேன். வெப்பத்தை டிரம்முக்குப் போகாமல் தடுக்கும் மேம்பாடு அது. புகைக்குழாயை ஒரு மூடி அடைக்க, இஞ்சின் தன் புகையையே அழுத்தித் திணறி வண்டியைப் பின்னிழுக்கும். வெப்பம் ரேடியேட்டர் வழியாகவும் புகை வழியாகவும் வெளியேறும்.

இஞ்சினைப் பிரேக்காக்கும் எண்ணத்துக்குப் பின்னால் ஒரு பயம் இருக்கிறது. 1931-இல் கிளெஸ்ஸி கம்மின்ஸ் தன் டீசல் இஞ்சின் பொருத்திய லாரியில் நியூயார்க்கிலிருந்து கலிபோர்னியாவுக்குச் சாதனைப் பயணம் போனார். கஹோன் கணவாயில் இறங்கும்போது பிரேக்குகள் சூடேறிக் கைவிட்டன. கீழே தண்டவாளத்தைக் கடந்துகொண்டிருந்தது சரக்கு ரயில். அதன் கடைசிப் பெட்டி விலகிய நொடியில் லாரி தண்டவாளத்தைத் தாண்டியது. அந்த நொடியை மறக்காத கம்மின்ஸ், ஓய்வுபெற்ற வயதில் உட்கார்ந்து இஞ்சினையே காற்றழுத்தியாக மாற்றும் பிரேக்கை வடிவமைத்தார். சிலிண்டரில் காற்று முழுக்க அழுந்தியதும் வெளிப்போக்கு வால்வைத் திறந்து, அழுத்தச் செலவிட்ட ஆற்றலைத் திரும்ப வாங்காமலே விட்டுவிடுவது அதன் சூட்சுமம். 1961-இல் ஜேக்கப்ஸ் நிறுவனம் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

எக்ஸ்ஹாஸ்ட் பிரேக் இல்லாத லாரிக்கும் கியர் இருக்கிறது. ஏற எந்த கியர் வேண்டுமோ அதே கியரில் இறங்கு என்பது பழைய டிரைவர்களின் கணக்கு. நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சம் என்ற நம்பிக்கை கணவாயில் பொய்த்துப்போகும். கியரில், ஆக்சிலேட்டரில் கால் வைக்காமல் இறங்கும்போது இஞ்சினைச் சக்கரம் சுற்றுகிறது. பம்பின் கவர்னர் டீசலை முழுதாக நிறுத்திவிடும். நியூட்ரலில் இஞ்சின் அணையாமல் இருக்கவே டீசல் வேண்டும். மிச்சம் பிடித்ததாக நினைப்பவர் அங்கே டீசலையும் எரித்து லைனரையும் எரிக்கிறார்.

அடுத்த பணம் ஆட்டோ ஸ்லாக் அட்ஜஸ்டருக்கு. லைனர் தேயத் தேயத் தானே முறுக்கிக்கொள்ளும். இதிலும் ஒரு பொறி உண்டு. தானியங்கி அட்ஜஸ்டர் உள்ள சக்கரத்தில் தண்டின் ஓட்டம் கூடியிருந்தால், கையால் முறுக்கி விட்டுவிடக் கூடாது. தானாகச் சரியாக வேண்டியது ஏன் ஆகவில்லை? அட்ஜஸ்டர் கெட்டிருக்கலாம், கேம் புஷ் தேய்ந்திருக்கலாம். கையால் முறுக்கினால் அன்றைக்குச் சரியாகும், நோய் மறைந்துகொள்ளும். ஒரே அச்சின் இரு சக்கரத்துக்கும் ஒரே வகை லைனரைச் சேர்த்தே மாற்றுவதும் இந்த வரிசையில் வரும். டிஸ்க் பிரேக் நல்லதுதான். சூட்டில் தகடு தடித்துப் பேடை நோக்கியே வரும், விலகிப் போகாது. பழைய அச்சில் அதை ஒட்டவைப்பது வேறு விஷயம். செலவை விடுங்கள், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வண்டியின் அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்ற விடாது. எட்டு வயது தாண்டிய லாரிக்கு ஆண்டுதோறும் எப்.சி. வேறு.

இதற்கெல்லாம் முன்பு சில நூறு ரூபாயில் ஒரு வேலை இருக்கிறது. கையடக்கமான அகச்சிவப்பு வெப்பமானி வாங்கி டிரைவர் இருக்கைக்குப் பக்கத்தில் வைப்பது. இறக்கம் முடிந்ததும் ஓரங்கட்டி, நான்கு டிரம்மையும் வரிசையாகக் காட்டிப் பார்க்க வேண்டும். மூன்று 180, 190 என்று காட்டி ஒன்று மட்டும் 70 காட்டினால், சந்தோஷப்பட வேண்டியதில்லை. அந்தக் குளிர்ந்த டிரம் வேலையே செய்யவில்லை. அதன் பங்கையும் மற்ற மூன்றும் சுமந்து வந்திருக்கின்றன. சாக்பீஸை எடுத்துக்கொண்டு முதலில் படுக்க வேண்டியது அந்தச் சக்கரத்தின் அடியில்தான்.